போனுக்குள் போன வளையல்கள்

என் மனைவியின் கையில் இருக்கும் தங்கத்தைக் கழற்றிவிடுவது என்று ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது முடிவு செய்தேன். எனக்கு நல்ல யோசனைகள் எல்லாம் செருப்பு தேடும்போதுதான் வரும். செருப்பு கிடைத்ததும் போய்விடும். இது மட்டும் என்னோடு வீடு வரைக்கும் நடந்து வந்தது.

காரணம் பாஷா. பாஷா என்றதும் மீசை வைத்த பெரிய அதிகாரியை நினைத்துவிடாதீர்கள். என் புறா. துருக்கியில் எங்கள் உர்ஃபா ஊரில் மொட்டைமாடி உள்ளவன் எல்லாம் புறா வளர்ப்பான். ஆனால் பாஷா மாதிரி ஒரு ஆண்புறா நான்கு தெருவுக்கு ஒன்றுதான் இருக்கும். சாம்பல் நிறம், கழுத்தில் நீலப் பாசிமணி, காலில் வெள்ளிக் கொலுசு. வானத்தில் ஏறுவான். அடுத்தவன் கூட்டத்துக்குள் நல்ல பிள்ளை மாதிரி நுழைவான். இறங்கும்போது அதில் ஒன்றைக் கூட்டிக்கொண்டு வருவான். எவன் மாடியில் இறங்குகிறதோ புறா அவனுக்கே சொந்தம். எங்கள் ஊர்ப் புறாக்காரர்களுக்கு அதுதான் சட்டம்.

அப்பேர்ப்பட்ட பாஷாவுக்கு ஜோடி இல்லை. பக்கத்து வீட்டுக் காதிரிடம் நாஸ்லி என்று ஒரு பெண்புறா இருந்தது. அது தலையைச் சாய்த்துப் பார்த்தால் கல்லும் கரையும். புறாக்காரர்களின் காப்பிக் கடையில் காதிரைப் பிடித்தேன்.

"நாஸ்லியைக் குடு காதிர். விலையைச் சொல்லு."

"லிராப் பணமா? வேணாம்ப்பா போஸான். லிராவுக்குக் காலையில ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. தங்கமாக் குடு. பத்து கிராம்."

"தங்கத்துக்கு நான் எங்கய்யா போவேன்? நான் ஷல்வார் தைக்கிறவன்."

"போன்ல அனுப்பு. இப்ப எல்லாரும் அப்படித்தான அனுப்புறாங்க. பேங்க்ல நகையைக் குடுத்தா கிராமாப் போட்டுக் குடுப்பான். தங்கத்தைக் கண்ணுல பாக்காமலே வாங்கலாம், விக்கலாம்."

கண்ணில் பார்க்காமலே! அந்த ஒரு வார்த்தையில் எனக்குச் சொர்க்க வாசல் திறந்தது.

எங்கள் வீட்டுத் தங்கம் இருக்கும் இடம் ஒன்றே ஒன்று. என் மனைவி ஸெலிஹாவின் வலது கை. எங்கள் கல்யாணத்தில் என் அப்பா போட்ட முறுக்கு வளையல்கள், ஐந்து. அவள் மாவு பிசைந்தால் சத்தம். கையை நீட்டித் திட்டினால் சத்தம். மாடிப்படி ஏறினால் சத்தம், அதைக் கேட்டுத்தான் நான் சிகரெட்டை அணைப்பேன். இத்தனை வருஷ தாம்பத்தியத்தில் அந்த வளையல்கள் என்னை எத்தனையோ முறை காப்பாற்றியிருக்கின்றன. இருந்தாலும் பாஷாவின் கல்யாணம் என்று வந்துவிட்டதே.

கணக்கு எளிது. கையில் ஐந்து வளையல் நாலானால் தெருவுக்கே தெரியும். போனில் ஒரு எண் கொஞ்சம் குறைந்தால் எவளுக்குத் தெரியும்? அதுவும் ஸெலிஹாவுக்கு? அவளைப் பொறுத்தவரை போன் என்பது தங்கச்சியோடு பேசும் கருவி.

அவள் மிளகாய்க்குள் கோதுமைக் குருணையை அடைத்துக்கொண்டிருந்தபோது போய் உட்கார்ந்தேன்.

"ஸெலிஹா, காலம் மாறிப்போச்சு."

"அப்படியா? எப்ப?"

"கேலி பண்ணாத. திருடன் கையோட வெட்டிட்டுப் போறான். இப்ப புத்திசாலிங்க எல்லாம் தங்கத்தைப் போனுக்குள்ள வெக்கிறாங்க."

அவள் கையில் இருந்த மிளகாயைக் கீழே வைத்தாள். "போனுக்குள்ளயா? அம்மாடி! இவ்வளவு சின்ன ஓட்டை வழியா எப்படிங்க வளையல் உள்ள போகும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வது போல விளக்கினேன். பேங்கில் எடை போடுவார்கள், கணக்கில் கிராமாக ஏற்றுவார்கள், போனில் தெரியும், நினைத்தால் விற்கலாம், நினைத்தால் அனுப்பலாம்.

"போன் கீழ விழுந்து உடைஞ்சா, தங்கமும் நசுங்கிடுமா?"

"நசுங்காது."

"சார்ஜ் தீர்ந்தா?"

"தங்கம் இருக்கும்டி!"

"உங்களுக்கு எவ்வளவு விஷயம் தெரியுதுங்க," என்றாள் கண்ணை அகல விரித்து. "அப்ப உங்க பேர்லயே கணக்கு இருக்கட்டும். நான் தொட்டா எதையாவது அழிச்சிருவேன்."

இவ்வளவு சுலபமாகச் சம்மதிக்கிறாளே என்று சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் சந்தோஷப்பட்டேன். அன்றைக்கே போனில் கணக்கைத் திறந்தேன். ரகசியச் சொல் கேட்டது. ஊரில் ஒருத்தராலும் கண்டுபிடிக்க முடியாத சொல்லாக வைத்தேன். அது என்ன என்று உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.

எங்கள் பேங்குக்கு மாதம் ஒரு நாள் நகை மதிப்பீட்டாளர் உரைகல்லோடு வந்து உட்காருவார். அன்றைக்குப் பாதி உர்ஃபா வரிசையில் நிற்கும். நாங்களும் நின்றோம். ஸெலிஹா ஐந்து வளையலையும் கழற்றி மேஜையில் வைத்தாள். கடைசி வளையலுக்கு ஒரு முத்தம் வேறு கொடுத்தாள்.

மதிப்பீட்டாளர் உரசினார். ஒரு சொட்டு அமிலம் விட்டார். மறுபடி உரசினார். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"அண்ணே, இது கவரிங்."

"எது?"

"அஞ்சும். வேலைப்பாடு பிரமாதம். ஆனா உள்ள பித்தளை."

நான் ஸெலிஹா பக்கம் திரும்பினேன், கேள்வி கேட்க. அதற்குள் அவள் என் பக்கம் திரும்பிவிட்டாள், பதில் கேட்க.

"ஏங்க, இது உங்க அப்பா போட்டதுதானே?"

அவ்வளவுதான் கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் அந்த பேங்கில் எதிரொலி நன்றாக வரும். வரிசையில் இருந்த பெண்கள் எல்லாரும் ஒரே கழுத்தாகத் திரும்பினார்கள்.

"பித்தளையைப் போட்டா பொண்ணைக் கூட்டிட்டு வந்தீங்க?" என்றாள் ஒரு பருத்த அம்மாள்.

"அம்மா, எங்கப்பா ரெண்டு மாடு வித்து..."

"மாடும் பித்தளையா இருந்திருக்கும்!"

ஸெலிஹா தலைத்துணியின் நுனியால் கண்ணை ஒற்றினாள். பேங்குப் பெண் ஓடிவந்து அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள், தோளைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு போய் உட்கார வைத்தாள். எனக்கு யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. அந்தப் பத்து நிமிஷத்தில் என் அப்பா மீதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மாடு விற்றதைப் பார்த்தேன். நிலம் விற்றதையும் பார்த்தேன். நகைக் கடைக்குள் மட்டும் நான் போகவில்லையே!

வீட்டுக்கு வந்தோம். ஸெலிஹா திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். வெறும் கையோடு தட்டை வைத்தாள், வெறும் கையோடு எடுத்தாள். சத்தமே இல்லை. சிகரெட்டோடு இரண்டு முறை பிடிபட்டேன். தட்டில் கறி இல்லாத சோறு. காரம் மட்டும் குறைவில்லாமல் இருந்தது.

கடைசியில் நானே வாயைத் திறந்தேன். "ஸெலிஹா, எங்க வீட்டு மானம் போச்சு. நான் என்ன பண்ணட்டும் சொல்லு."

"எனக்கு நகையெல்லாம் வேணாங்க. திருடன் கையோட வெட்டிட்டுப் போயிருவான். நீங்கதான சொன்னீங்க, காலம் மாறிப்போச்சுன்னு. பேங்க்ல அந்தப் பொண்ணு என் பேர்லயும் கணக்கு இருக்கணும்னு சொல்லிச்சு. அதுல கிராமாப் போட்டு விடுங்க. அஞ்சு வளையலுக்கும் கேக்கல. உங்களால முடிஞ்சது போதும்."

"என்கிட்ட என்னடி இருக்கு?"

அவள் தலையை உயர்த்தி வீட்டுக் கூரையைப் பார்த்தாள். அந்தக் கூரைக்கு மேலேதான் புறாக்கூண்டு இருக்கிறது.

மறுநாள் காதிரிடம் போனேன். பாஷாவுக்குப் பெண் கேட்டுப் போன வாயால் பாஷாவையே விற்றுத் தரச் சொன்னேன். காதிர் என் முகத்தைப் பார்க்காமல் காப்பிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தான்.

"போஸான், ஒரு ஆள் இருக்கு. வெளியூரு. பேர் சொல்லக்கூடாதுன்னு கண்டிஷன். இருபது கிராம் தர்றாங்களாம்."

"பாஷாவை நல்லா வெச்சுக்குவானா?"

"ராஜா மாதிரி வெச்சுக்குவாங்க," என்றான். என் தோளைத் தட்டிவிட்டு, ஏனோ இருமினான்.

பாஷாவைக் கூடையில் வைத்துக் கொடுத்தேன். கொலுசைக் கழற்ற மனம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் சட்டைப் பையில் 'டிங்' என்றது. காதிரிடமிருந்து இருபது கிராம். இன்னொரு முறை விரலை வைத்தேன். ஸெலிஹாவுக்கு இருபது கிராம் போய்விட்டது. தையல் மிஷினில் நூல் கோர்க்கும் நேரம்கூட ஆகவில்லை. என் அப்பா அந்த வளையலுக்காக நகைக் கடைக்கு எத்தனை நடை நடந்தார்! விஞ்ஞானத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஒரு மனிதன் தன் உயிரை விற்றுப் பெண்டாட்டிக்குக் கொடுக்க இவ்வளவு வசதி முன்பு கிடையாது. ஆனாலும் கையில் எடுத்துப் பார்க்க முடியாத தங்கத்துக்காகக் கையில் வைத்துக் கொஞ்சிய புறாவைக் கொடுத்ததில் எனக்கு அழுகை வந்தது. கடைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

சாயங்காலம் காலிக் கூண்டையாவது பார்த்துவிட்டு வரலாம் என்று மாடி ஏறினேன்.

கூண்டில் பாஷா இருந்தான்.

பக்கத்தில் நாஸ்லி, தலையைச் சாய்த்துக்கொண்டு. கீழே தரையில் ஸெலிஹா, காதிரின் மனைவி ஃபெஹிமே, இருவருக்கும் நடுவில் தேநீர். ஓரத்தில் காதிர் குற்றவாளி மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

"என்னய்யா இது?" என்றேன்.

"என்னைக் கேக்காத. வாயைத் திறந்தா வீட்ல சோறு கிடையாதுன்னு ஃபெஹிமே சொல்லிட்டா."

"வாங்க, உக்காருங்க," என்றாள் ஸெலிஹா. "நாஸ்லிக்காக என் வளையல் மேல கண்ணு வெச்சீங்கன்னு ஃபெஹிமே எங்க தங்கச் சீட்டு அன்னைக்கே சொல்லிட்டா."

தங்கச் சீட்டு என்றால், தெருப் பெண்கள் மாதம் ஒரு வீட்டில் கூடுவார்கள். ஆளுக்கொரு தங்கக் காசு கொண்டுவந்து வீட்டுக்காரிக்குக் கொடுப்பார்கள். கூடவே பலகாரம், பேச்சு. சில வருஷமாகக் காசு எதையும் காணோம். பலகாரம் மட்டும் சாப்பிடக் கூடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

"காசு எல்லாம் போன்லயே அனுப்பிக்கிறோங்க. எங்க சீட்டு போனுக்குள்ள போய் எவ்வளவோ நாளாச்சு."

"அப்ப வளையல்?"

"அதுவும் அப்பவே போயாச்சு. வெறும் கையாப் பாத்தா நீங்க பயந்துருவீங்களேன்னு கவரிங் வாங்கிப் போட்டுக்கிட்டேன்."

அப்படியானால் இத்தனை வருஷமாக நான் பித்தளைச் சத்தத்துக்குப் பயந்தா சிகரெட்டை அணைத்தேன்! அதை விழுங்குவதற்குள் இன்னொன்று நினைவுக்கு வந்தது. எழுந்து நின்றுவிட்டேன்.

"அடியே! அப்ப பேங்க்ல, அத்தனை பேர் முன்னாடி, எங்கப்பாவை..."

ஸெலிஹாவின் முகம் மாறியது. கேலி போய்விட்டது. "மாமா தங்கமான மனுஷன். நான் அவர் போட்டதுதானேன்னு மட்டும்தான் கேட்டேன், பித்தளை போட்டார்னு ஒரு வார்த்தை சொல்லல. ஆனாலும் தப்புதான். நேத்தே அவர் கல்லறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டுட்டேன். சுத்த இருபத்திரண்டு காரட்டுங்க. எடை போட்டப்ப ஒரு குண்டுமணி குறையல."

எனக்குக் கண் கலங்கியது. அப்பாவைச் சந்தேகப்பட்ட நான் இன்னும் கல்லறைக்குப் போகவில்லை.

"சரி, பாஷா எப்படி இங்க?"

"நான் இருபது கிராம் காதிர் அண்ணனுக்கு அனுப்பினேன். அண்ணன் உங்களுக்கு அனுப்பினார். நீங்க எனக்கு அனுப்பினீங்க. காலையில பறந்து போன தங்கம் சாயங்காலம் வீடு வந்து சேந்திருச்சு. வரும்போது பாஷாவையும் கூட்டிக்கிட்டு வந்திருச்சு." அவள் தேநீரை உறிஞ்சினாள். "உங்க புறாக்காரங்க சட்டம் என்ன? இறங்கின இடம் யாருதோ அவங்களுக்குத்தானே சொந்தம்? நாஸ்லிக்குப் பத்து கிராம் தனியாக் குடுத்துட்டேன். ஜோடி என்னோடது."

காதிர் வானத்தைப் பார்த்தான். ஃபெஹிமே சிரிப்பை அடக்கத் தலைத்துணியை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் பாஷாவைப் பறக்கவிட்டுக் கற்ற வித்தையை இவள் ஒரு போனை வைத்துக்கொண்டு, வானத்தைப் பார்க்காமலே செய்துவிட்டாளே! பெருமையாக இருந்தது. இப்படி ஒரு மூளை என் வீட்டு அடுப்பங்கரையில் மிளகாய்க்குள் குருணை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. இவளுக்கா நான் சார்ஜ் தீர்ந்தால் என்ன ஆகும் என்று பாடம் எடுத்தேன்?

"சும்மா சொல்லக்கூடாது ஸெலிஹா, நீ பெரிய ஆளு," என்றேன் மனதார.

"தெரியும். தீனி போடுங்க, பாஷாவுக்குப் பசிக்கும். சும்மா வேணாம், கூலி தர்றேன்."

நான் தீனி டப்பாவை எடுத்தேன். நாஸ்லி என் கையில் கொத்தியது. சட்டைப் பையில் 'டிங்' என்றது. கால் கிராம் தங்கம் வந்திருந்தது. கீழே அவள் எழுதியிருந்தாள்: 'புறாவுக்குத் தீனி போட்ட கூலி. ரகசியச் சொல்லை மாத்துங்க. பாஷான்னு வெச்சா யாருக்குத்தான் தெரியாது?'