என்.சி.சி. மெடல்காரர்

கடைக்காரர் இரண்டு துப்பாக்கிகளைக் கண்ணாடி மேசைமேல் வைத்துவிட்டு விலகி நின்றார். இரண்டும் பாயிண்ட் டூ டூ. சின்னத் தோட்டா, விலை மலிவு. கையைக் கடிக்காமல் வாராவாரம் சுட்டுப் பழகலாம்.

“நீங்களே சொல்லுங்க சேகர், எதை எடுக்கலாம்?” என்றார் ஜெகதீஷ்.

சேகருக்கு நெற்றி வியர்த்தது. இருவரும் மெல்பர்னில் ஒரே ஐ.டி. கம்பெனி, பாயிண்ட் குக்கில் பக்கத்துப் பக்கத்துத் தெரு. எட்டு வருடமாகச் சேகர் அவரிடம் ஒரு கதை சொல்லி வந்தான்: கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது இதே பாயிண்ட் டூ டூவில் மெடல் வாங்கிய கதை. வருடத்துக்கு வருடம் அதில் தோற்றவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. உண்மையில் அவன் சேர்ந்தது பரேடு முடிந்ததும் தரும் பூரி கிழங்குக்காக. சுடுகிற நாளன்று வயிற்றுவலி என்று விடுதியில் படுத்துக்கொண்டவன்.

ஜெகதீஷ் லைசென்ஸ் எடுப்பார் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

சேகர் ஒரு துப்பாக்கியைத் தூக்கி வலது தோளில் வைத்து, தன்னையறியாமல், குறி பார்க்க வேண்டிய வலது கண்ணையே மூடினான்.

“நீங்கள் இடது கைக்காரரா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார் கடைக்காரர்.

இல்லை என்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். “ஆமா” என்று தலையாட்டி, துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றினான். கொஞ்சம் நிபுணத்துவம் காட்டவும் வேண்டியிருந்தது. “இது வேணாம் ஜெகதீஷ். பேலன்ஸ் சரியில்ல. அந்த இன்னொண்ண எடுங்க.”

ஜெகதீஷ் மெடல் கதையை ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னதும் கடைக்காரர் மலைத்துப்போனார். அவர் அந்த வட்டாரத்துச் சுடும் கிளப்பிலும் உறுப்பினர். மெடல் வாங்கிய ஓர் இந்தியர் வருகிறார் என்று அன்றே செயலாளருக்குப் போன் போட்டுவிட்டார்.

பெர்மிட் வந்து துப்பாக்கி ஜெகதீஷ் கைக்குக் கிடைக்க மூன்று வாரம் ஆனது. கிளப்பில் சேகருக்கும் விருந்தாளியாகச் சுட ஏற்பாடாகியிருந்தது. இடுப்புப் பிடிப்பு என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தான்.

“பரவாயில்ல, இங்க கதிரையில இருந்துகொண்டும் சுடலாம்” என்றாள் போனில் கிளப் செயலாளர் சிவகௌரி, யாழ்ப்பாணத்துக்காரி. “உங்களுக்கெண்டே இடதுகைத் துவக்கு ஒண்டு எடுத்து வச்சிருக்கிறன்.”

இதை ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மனைவி கலா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“நீங்க எப்ப இடது கைக்காரர் ஆனீங்க?”

“சுடறதுக்கு மட்டும்.”

“அப்படியா! நானும் வந்து பாக்கறேன். கல்யாண பயோடேட்டாவுல மெடல்னு போட்டிருந்தீங்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் எங்கப்பா சம்மதிச்சாரு.”

சேகருக்கு இப்போது நிஜமாகவே வயிறு வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆளுக்கொரு மேசை, நாற்காலி; ஐம்பது மீட்டருக்கு அப்பால் ஆளுக்கொரு குறி அட்டை. அந்தச் சுற்றில் சேகரும் ஜெகதீஷும் மட்டும்தான். பின்னால் கலாவும் கிளப் ஆட்கள் பதினைந்து பேரும் மெடல்காரரையே பார்த்தபடி நின்றார்கள்.

“நீங்க பக்கத்துல இருந்தா எனக்குக் கை நடுங்குது சேகர்” என்றார் ஜெகதீஷ்.

“எல்லாம் பழக்கம்தான்” என்றான் சேகர், எந்தக் கண்ணை மூட வேண்டும் என்று யோசித்துக்கொண்டே.

காதுக்கவசம் மாட்டியதும் உலகமே அடங்கிவிட்டது. விருந்தாளி என்பதால் விதிப்படி சிவகௌரி அவன் பின்னாலேயே நின்று ஒவ்வொரு தோட்டாவாகக் கொடுத்தாள். ஸ்கோப்பில் ஒரு வட்டம் மங்கலாகத் தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்து முறை விசையை இழுத்தான். பக்கத்து மேசைப் பக்கம் திரும்பிப் பார்க்கவும் தைரியமில்லை.

அட்டைகள் வந்தன. சேகரின் அட்டை கடையிலிருந்து வாங்கிய மாதிரியே இருந்தது. ஒரு கீறல் இல்லை. ஜெகதீஷின் அட்டையில் நட்டநடுவே, ஓர் உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி பத்துத் துளைகள்.

எல்லாரும் கைதட்டினார்கள். கடைக்காரர் ஜெகதீஷைக் கட்டிக்கொண்டார். ஜெகதீஷ் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எவ்வளவு அடக்கமான மனிதர் என்று சேகருக்கு இன்னும் கூச்சமாகப் போயிற்று. கலா அவனுடைய வெள்ளை அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

அவள் திருப்பிய விதம்தான் அவனை உடைத்தது.

“நான் சுட்டதே இல்ல” என்றான் சேகர். “என்.சி.சி.ல சேர்ந்தது பூரிக்கு. மெடல் என் ரூம்மேட்டோடது. நான் இடது கைக்காரனும் இல்ல. ஜெகதீஷ், அந்தத் துப்பாக்கிக்குப் பேலன்ஸ்னா என்னன்னுகூட எனக்குத் தெரியாது. மன்னிச்சிடுங்க. கலா, நீயும்.”

கடைக்காரருக்கு யாரோ ஆங்கிலத்தில் மெல்ல எடுத்துச் சொன்னார்கள். கலாவின் முகம் சிவந்தது. “எங்கப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?” என்றாள். சேகர் தன் காலணிகளையே பார்த்துக்கொண்டு நின்றான். காரை நோக்கி நடக்கலாம் என்று அவன் ஓர் அடி எடுத்து வைத்தபோது, மேசைகளை ஒதுக்கிக்கொண்டிருந்த சிவகௌரி நிமிர்ந்தாள்.

“ஜெகதீஷ் அண்ணா, உங்கட தோட்டாப் பெட்டி உடைக்காமல் அப்பிடியே கிடக்குதே, நீங்கள் ஒரு வெடியும் சுடேல்லையா?”