பன்னெண்டு பாரும் ஒரு சொம்புத் தண்ணியும்

பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைப் பாடச் சொன்னதெல்லாம் அந்தக் காலம். நான் போன இடத்தில் என்னை பாஸ் கிட்டார் வாசிக்கச் சொன்னார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. வாசிப்பேன், வாசிப்பேன் என்று எங்கள் ஊர் போடி முழுக்கத் தம்பட்டம் அடித்தவன் நான்தான்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ஏலக்காயைக் காயவைத்துச் சுத்தம் பண்ணுகிற மாமாவின் ஸ்டோரில் மேற்பார்வை. (வேலை செய்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு அப்படி ஒரு பெயர் உண்டு.) மதுரைக்குப் போய்ப் பழைய பாஸ் கிட்டார் ஒன்றை வாங்கி வந்திருந்தேன். பாட்டுக்கு அடியில் 'டும் டும்' என்று கனமாக ஒரு சத்தம் ஓடுமே, அது இதுதான். அம்மா அதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, நாலு கம்பிதான இருக்கு? மிச்ச ரெண்ட வித்தவென் உருவிக்கிட்டானா?" என்றாள். பாஸுக்கு நாலுதான் என்று சொன்னேன். கடைசிவரை நம்பவில்லை.

நான் தேர்ந்தெடுத்தது புளூஸ் என்கிற அமெரிக்கச் சோகப் பாட்டு வகை. காரணம் சோம்பேறித்தனம். யூடியூபில் தாடிக்காரர் ஒருவர், நாலு தட்டு சேர்ந்தால் ஒரு பார், பன்னெண்டு பார் சேர்ந்தால் ஒரு சுற்று, அதையே திரும்பத் திரும்பச் சுற்றி வந்தால் போதும் என்றார். நமக்கு இது போதாதா! ஒருநாள் சிநேகிதனிடம் போனில், "இன்னைக்கு மட்டும் பன்னெண்டு பாரையும் அஞ்சு தடவ சுத்தி வந்துட்டேன்டா" என்று பீற்றிக்கொண்டது அப்பா காதில் விழுந்துவிட்டது. "ஏலே, போடியில அத்தன பாரா இருக்கு?" என்று கேட்டவர், இரண்டு நாள் என் பக்கத்தில் வந்து வந்து மோந்து பார்த்தார்.

வாசிப்பு தேற அந்தத் தாடிக்காரர் மூன்று யோசனை சொல்லியிருந்தார். குறைத்து வாசி, டிரம்ஸ்காரரைக் காது கொடுத்துக் கேள், சீரான தாளத்தை ஓடவிட்டுப் பழகு. முதல் இரண்டும் என் சுபாவத்துக்கே ஆகாது. மூன்றாவதற்குப் போனில் ஆப் இருந்தது, ஆனால் ஸ்டோரில் ஓடுகிற மெஷின் சத்தத்தில் போன் எங்கே கேட்கும்? அப்போதுதான் மண்டையில் விளக்கெரிந்தது. அட, மெஷினே தாளம் போடுகிறதே!

காய்ந்த ஏலக்காயை உருட்டிக் காம்பு உதிர்க்கிற மெஷின் அது. 'டும்ட டும்ட டும்ட டும்ட' என்று அச்சு அசல் புளூஸ் நடை. என்ன, உள்ளே சக்கரத்தில் ஒரு பல் உடைந்திருந்தது. எட்டுத் தட்டுக்கு ஒரு தடவை 'ஹக்' என்று நின்று, பிறகு ஓடும். ஆறு மாதம் அதோடு சாதகம் பண்ணினேன். அது நின்ற இடத்தில் நானும் நின்றேன், கழுத்தையும் ஒரு வெட்டு வெட்டினேன். எனக்கு அது குறையாகவே படவில்லை. புளூஸ் சோகப் பாட்டாச்சே, துக்கத்தில் இருக்கிறவன் நடுவில் எச்சில் விழுங்க மாட்டானா என்று வியாக்கியானம் வேறு!

அந்த நேரம் பார்த்துத்தான் மலரின் சம்பந்தம் வந்தது. போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இரண்டு தடவை போனில் பேசினோம். என் பேச்சுக்குச் சிரித்த முதல் பெண் அவள். அவள் இல்லையென்றால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்கிற அளவுக்குப் போய்விட்டேன். ஆனால் அந்த வீட்டில் முடிவு சொல்கிறவர் அவளுடைய அண்ணன். மனுஷன் டிரம்ஸ் அடிக்கிறவர், மலையில் சொந்தமாக ஒரு பேண்டு வைத்திருந்தார். அதில் பாஸ் வாசித்த ஆள் கத்தாருக்குப் போய்விட்டான்.

"எங்க மாப்ளயும் அதத்தான் வாசிப்பாப்ல" என்று மாமா எடுத்துவிட்டார்.

"அப்ப ஞாயித்துக்கெழம எஸ்டேட்டு விழாவுக்கு வரச் சொல்லுங்க. ஒரு பாட்டு சேந்து வாசிச்சா ஆளத் தெரிஞ்சிரும்" என்றார் அண்ணன்.

ஞாயிறு மத்தியானம் தகரக் கொட்டகையில் மேடை. முன்வரிசையில் மலர், பக்கத்தில் அவள் அம்மா, பின்னால் எஸ்டேட்டே உட்கார்ந்திருந்தது. எனக்காகவே புளூஸ் நடையில் ஒரு பாட்டு. அண்ணன் குச்சியைத் தட்டி ஆரம்பித்தார். ஏழு தட்டு தேன். எட்டாவதில் கழுத்தை வெட்டி 'ஹக்' என்று நின்றேன்.

மற்றவர்கள் யாரும் நிற்கவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணே, ஓடாதீங்க! நிதானம்!" என்று அண்ணனுக்கே யோசனை சொன்னேன். (இதை இப்போது எழுதும்போதுகூடக் காது சுடுகிறது.) அடுத்த எட்டாவதில் மறுபடி ஹக்.

மலரின் அம்மா எழுந்தே விட்டார். "அய்யய்யோ, தம்பிக்கு விக்கல் எடுக்குது! தண்ணி கொண்டாங்கப்பா, வெரசா!"

சொம்பு மேடைக்கு வந்தது. என் இரண்டு கையும் வேலையாக இருந்ததால் அந்தம்மாவே அண்ணாந்து வாயைத் திறக்கச் சொல்லி ஊற்றிவிட்டார். பாதி தொண்டைக்குப் போயிற்று, மீதி சட்டைக்கு. வாசிப்பை மட்டும் நான் விடவில்லை. ஹக்.

"யாரோ நெனைக்கிறாங்க போல" என்றது ஒரு குரல். "நெனைக்கிறவ முன்னாடிதான உக்காந்திருக்கா" என்று ஒரு அக்கா சொல்ல, மலர் தலையைக் குனிந்துகொண்டாள். விக்கலுக்கு அதிர்ச்சிதான் மருந்து என்று ஒரு பெரியவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பின்னாலிருந்து பெருங்குரலில், "ஏலக்கா வெல பாதியா விழுந்துருச்சாம்லே!" என்று கத்தினார். என் விக்கல் நிற்கவில்லை. முன்வரிசையில் இரண்டு பேர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள், ஒருவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார்.

பாட்டு ஒரு வழியாக முடிந்தது. மேடைக்குப் பின்னால் அண்ணன் என்னை மடக்கினார். "எத வச்சு தாளம் பழகுனீங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. மெஷினைச் சொன்னேன், உடைந்த பல்லையும் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "எட்டாவது தட்டுல நிக்கிற ஆள நம்பி எப்பிடிங்க தங்கச்சியக் குடுக்குறது?"

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பாஸை உறையில் போட்டு ஜிப்பை இழுக்கும்போது மலர் வந்து நின்றாள்.

"அண்ணே, நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். சுத்துக்கு ஆறு தடவ நின்னாரு. அஞ்சு சுத்துக்கு முப்பது. ஒன்னு கூடல, ஒன்னு கொறையல. அம்மா தண்ணி ஊத்துனப்பவும் எடம் மாறல, ஏலக்கா வெல விழுந்தப்பவும் மாறல." பிறகு என்னைப் பார்த்தாள். "இம்புட்டு சொல் மாறாத ஆளு வேற எங்க கெடைப்பாரு?"

கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. மெஷினுக்கு மாமா புதுச் சக்கரம் மாட்டிவிட்டார். நானும் மச்சான் காலடியில் உட்கார்ந்து மறுபடி அரிச்சுவடியிலிருந்து பழகினேன், இப்போது அவர் பேண்டில் வாசிப்பதே நான்தான். ஆனால் எங்கள் குடும்பம் திருந்தவில்லை. எந்தக் கல்யாணக் கச்சேரிக்குப் போனாலும் அத்தை, மச்சான், என் மகள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து பாட்டுக்குக் கைதட்டுவார்கள். ஏழு தட்டு தட்டி, எட்டாவதில் கழுத்தை வெட்டி ஒருசேர 'ஹக்' என்று நிற்பார்கள். மண்டபமே திரும்பிப் பார்க்கும். நான் ஒருத்தன் மட்டும் தாளம் பிசகாமல் எட்டாவதையும் தட்டுவேன். மலர் முழங்கையால் என்னை இடிப்பாள்.

"ஏங்க, தாளம் தப்புதுல்ல!"