பதினொன்றாம் பக்கத்துச் சண்டை

'சாப்பிட வருவோரில் இருவர் பத்து நிமிடமாவது சண்டையிட வேண்டும்.'

பெரில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள். கையேட்டின் பதினொன்றாம் பக்கத்தில் சண்டை அப்படியேதான் இருந்தது.

இங்கிலாந்தின் பர்ன்லி ஊரில் தனியாக வாழும் முதியவர்களுக்குச் செவ்வாய்தோறும் மதியச் சாப்பாடு போட ஆரம்பித்தவள் அவள்தான். அது நன்றாக நடக்கிறதென்று தெரிந்ததும் லீட்ஸில் ஒரு தலைமையகம் முளைத்தது. அவர்கள் ஆளனுப்பி, ஒரு நாள் பார்க்கவைத்து, கையேடு எழுதி, நாற்பத்து மூன்று ஊர்களில் அதே பெயரில் கிளை திறந்துவிட்டார்கள். கையேட்டின்படி நடக்காத கிளைக்குப் பெயர் பறிபோகும். பெயர் போனால் இலவசமாகக் கிடைத்த கூடமும் போகும். ஆரம்பித்தவளுக்கும் அதே சட்டம்தான்.

தலைமையகத்து ஃபியோனாவுக்குத் தொலைபேசினாள்.

"நாங்க எப்பங்க சண்டை போட்டோம்?"

இயல்பு கெடாமல் இருக்க, அனுப்பிய ஆள் சொல்லாமல்தான் வந்து போனாராம். மனத்தில் இருப்பதைக் கொட்டினால் தனிமை போய்விடுமாம். மற்ற ஊர்களில் பிரமாதமாக நடக்கிறதாம். வரும் செவ்வாய் அவளே சோதனைக்கு வருகிறாளாம்.

செவ்வாய் வந்தது; ஃபியோனாவும் வந்து மூலையில் உட்கார்ந்தாள். நான்காம் பக்கத்தின்படி நாற்காலிகளை இரண்டிரண்டாக எதிரெதிரே போட்டாள். குழம்புச் சட்டியைக் கைமாற்ற வழியில்லாமல் இரண்டு பேர் மடியில் கொட்டியது. அவர்களும் சண்டை போடவில்லை. மன்னிப்புதான் கேட்டுக்கொண்டார்கள்.

பெரில் சாப்பிட வந்திருந்த வில்ஃபைத் தனியே அழைத்தாள். வாராவாரம் கஸ்டர்ட் செய்துவரும் எனிடோடு தனக்கு என்ன சண்டை என்றார் அவர். கஸ்டர்ட் கட்டி தட்டியிருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள் என்றாள். சொன்னார்.

எனிட் கரண்டியைக் கீழே வைத்தாள். "எட்டு வருஷமா வழிச்சு வழிச்சுத் தின்னுட்டு, இப்பத்தான் கட்டி தெரியுதா?"

பெரில் ஓடிப்போய், அது நடிப்புதான், நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்றாள்.

"ஓ. அப்ப கட்டின்னு சொன்னது நீயா?"

கூடம் இரண்டானது. ஜன்னலோரம் முழுக்க எனிட் பக்கம் சேர்ந்தது. எனிட் கோட்டை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கினாள். பின்னாலேயே ஏழு பேர் போனார்கள். வில்ஃப் எதிரே ஆளில்லாமல் உட்கார்ந்து கஸ்டர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அற்புதம்," என்று ஃபியோனா நூற்றுக்கு நூறு போட்டுவிட்டு ரயிலைப் பிடிக்கப் போனாள்.

கூடத்தின் காவலாளி கெய்த் நாற்காலிகளை அடுக்க வந்தார். பெரில் அந்தக் கையேட்டை எழுதியவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தாள்.

"லீட்ஸ்லேருந்து வந்தாரே, அவரா? நான்தான் கதவத் தொறந்துவிட்டேன் கண்ணு. அவர் வந்தது வியாழக்கிழமை. அன்னிக்கு இங்க விவாகரத்து ஜோடிகளுக்குல்ல சமரசம் பேசுவாங்க."