தள்ளுமாமாவின் உறை ஒயில்

சாவி போட்டதும் கிளம்புகிற காரைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தள்ளுமாமா. அப்படியொரு வண்டி எதிரே வந்தால், "அது நல்ல குடும்பத்து வண்டி இல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் இருக்கக்கூடும். பொலிஸ்காரர் கேட்டால்தான் அது அவருக்கே ஞாபகம் வரும்.

டிக்கோயாவிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் பக்கமாகப் போய், பிரதான வீதியை விட்டு மேலே ஏறினால் எங்கள் தோட்டம். ஏறினால் என்று சுலபமாக எழுதிவிட்டேன். அந்தக் கல் ரோட்டைக் கண்டதும் ஓட்டோக்காரர்களுக்கு அடிவாரத்திலேயே பெட்ரோல் தீர்ந்துவிடும். துணிந்து ஏறி இறங்கும் ஒரே வாகனம் தள்ளுமாமாவின் வெள்ளைக் கார். வயதில் எனக்கு மூத்தது. வெள்ளை என்பது பதிவுப் புத்தகத்தில் உள்ள நிறம். நேரில் பார்க்கிறவர்கள் தங்கள் விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் காருக்குக் குளிர் ஆகாது. மார்கழி வந்தால் மாமா சாவியைத் திருகியதும் ஒரு முனகல் கேட்கும், பிறகு மௌனம். மாமா ஹோன் அடிப்பார். தள்ள வாருங்கள் என்று அதற்கு அர்த்தம். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்குக் கிளம்பிய பெண்கள் கொழுந்துக் கூடையோடு வந்து வண்டியின் பின்னால் கை வைப்பார்கள். மேரியக்காதான் தலைமை. "காரு தள்ளினோம்" என்று சொன்னால், பிந்தி வந்ததற்குக் கணக்கப்பிள்ளைகூட ஏசமாட்டார். அவருடைய மனைவியும் பிரசவத்துக்கு அந்தக் காரில்தான் போனவர்.

ஆஸ்பத்திரிப் பயணத்துக்கு மாமா காசு வாங்கமாட்டார். தன் காரில் படுத்துக்கொண்டு போனவர்கள் எல்லாரும் நடந்துதான் திரும்பி வந்தார்கள் என்பது அவருடைய பெருமை. அதற்கான புகழை டொக்டர்களுக்கும் கொடுக்கமாட்டார், தனக்கும் எடுத்துக்கொள்ளமாட்டார். எல்லாம் எஞ்சின் ஒயிலின் ராசி.

அட்டனில் மோட்டார் வாகனப் பாடநெறியை முடித்துவிட்டு, கண்ணில் பட்ட பொனெட்டையெல்லாம் திறந்து பார்க்கத் துடித்துக்கொண்டிருந்தேன் நான். அண்ணிக்கு அப்போது எட்டாவது மாதம். பிரசவம் சரியாகக் கடுங்குளிர் நேரத்தில் வரும். ஒரு விடியற்காலையில் மாமாவின் காரில் ஒயில் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தேன். கித்துள் பாணிபோல் பாகாக இழுபட்டுக்கொண்டு வந்தது. முனகலுக்குக் காரணம் புரிந்துவிட்டது. சாதாரண ஒயிலை விட்டுவிட்டு சிந்தெடிக் ஒயிலுக்கு மாறச் சொன்னேன். குளிரிலும் அது இளகியே இருக்கும், எஞ்சின் லேசாகச் சுற்றும், இனிமேல் வண்டியைத் தள்ளவே வேண்டாம் என்றேன்.

கடைசியாகச் சொன்னதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். தப்பு மேளம் அடிக்காமல் திருவிழா நடத்தலாம் என்று நான் யோசனை சொன்னதுபோல் மாமா பார்த்தார்.

"இவ்வளவு வயசான எஞ்சினுக்கு அது ஒத்துக்குமா? பல்லு இல்லாத கெழவனுக்கு கொத்து ரொட்டி வாங்கிக் குடுத்த கதையா ஆயிரும் புள்ள."

யூடியூபில் காட்டினேன். வெள்ளைக்காரனுக்கு எங்கள் ரோட்டைப் பற்றி என்ன தெரியும் என்றார். கடைசியில் அண்ணிதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"மாமா, எனக்கு வலி எடுக்குற நேரம் ஒங்க காரும் மொனகிக்கிட்டு நின்னா, ஊருல பாதிப் பேரு எனக்கு, பாதிப் பேரு காருக்குன்னு பிரிச்சா அனுப்புறது?"

மாமா பஞ்சாங்கம் பார்த்து ஒரு வெள்ளிக்கிழமை சொன்னார்.

அட்டன் கராஜில் மெக்கானிக் பாஸ் பழைய ஒயிலை இறக்கினார். பாஸ் சிங்களவர், நிதானமான மனிதர். புது ஒயிலை ஊற்றப் போகும் நேரத்தில், மாமா கோட்டுக்குள்ளிருந்து கறுப்பாக ஏதோ நிறைந்த ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். என்ன அது என்று கேட்டேன்.

"உறை," என்றார். "தயிருக்கு ஊத்துற மாதிரித்தான். ஒவ்வொரு தடவையும் பழசுல கொஞ்சம் எடுத்து வச்சுப் புதுசுல ஊத்திருவேன். இல்லாட்டி ராசி எப்பிடிப் போய்ச் சேரும்?"

நான் காரைப் பார்த்தேன். அப்படியானால் அவர் அதை வாங்கிய நாளிலிருந்து ஊற்றிய அத்தனை ஒயிலும் தலைமுறை தலைமுறையாக உள்ளேதான் குடியிருக்கிறது. பாஸுக்குச் சிங்களத்தில் விளக்கினேன். அவர் நிதானத்தை இழந்து டயரின் மேல் உட்கார்ந்து சிரித்தார். பாகுத்தன்மை பற்றி நான் படித்தது ஒன்றும் இந்த இடத்தில் உதவாது.

"மாமா, ராசியோட கரியும் இரும்புத் தூளும் அதுல இருக்குங்க. பழைய உறையையே ஊத்திக்கிட்டு இருந்தா தயிரு புளிச்சிரும்."

புளித்த தயிர் என்றதும் அவர் முகம் மாறியது. கொஞ்ச நேரம் போத்தலைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் நீட்டினார். "பத்திரமா வச்சிரு. ஒங்க அண்ணி நல்லபடியா வீடு வந்ததும் திருப்பிக் குடு."

அடுத்த கிழமை கார் ஒழுகத் தொடங்கியது. துளித் துளியாகத்தான். மாமா அதற்குக் கீழே பீங்கான் தட்டு ஒன்றை வைத்துவிட்டு, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நிற்கும் உறவினர்போல் நின்றார். லயத்து வீடுகளில் எனக்குப் புதுப் பெயரும் கிடைத்தது.

"ஒயில் டாக்டரம்மா, ஒங்க நோயாளிக்கு மூக்கு ஒழுகுது," என்றார் மேரியக்கா.

ஒயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல் தேய்ந்துபோயிருந்தது, அந்த இடைவெளியை இத்தனை நாளும் அழுக்குதான் அடைத்துக்கொண்டிருந்தது, புது ஒயில் அந்த அழுக்கைக் கழுவிவிட்டது என்று விளக்கினேன்.

"அப்ப அழுக்குதானே புள்ள இவ்வளவு நாளும் காப்பாத்தியிருக்கு?" என்றார் மாமா. நான் காரை மறுபடி கராஜுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். பாஸ் புது சீல் போட்டார். ஒழுக்கு நின்றது. மாமாவின் சந்தேகம் நிற்கவில்லை.

அண்ணிக்கு வலி வந்தது, புல்லெல்லாம் பனியில் வெளுத்துக் கிடந்த ஒரு காலையில். பெரட்டுக்குக் கிளம்பிய பெண்கள் சொல்லாமலே வந்து வரிசையாகக் கை வைத்தார்கள். நான் அண்ணியோடு பின் சீட்டில். மாமா சாமியைக் கும்பிட்டுச் சாவியைத் திருகினார்.

கார் உடனே கிளம்பியது. முனகலே இல்லை. பின்னால் கை வைத்திருந்தவர்கள், பந்தி முடிந்த பிறகு கல்யாணத்துக்கு வந்தவர்கள்போல் விழித்தார்கள். மாமாவும் விழித்தார். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டார்.

"ஏன் மாமா நிப்பாட்டினீங்க?"

"யாரும் தள்ளாம இந்த வண்டி ஒரு நாளும் ஆஸ்பத்திரிக்குப் போனதில்ல புள்ள." அண்ணி என் கையை நெரித்தார். மறுபடி கிளம்பாவிட்டால் என்ன செய்வது என்று, நானே பரிந்துரைத்த ஒயிலின்மேல் எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

மேரியக்காதான் முடிவு சொன்னார். "எல்லாரும் கை வைங்கடி. தள்ள வேணாம், தொட்டாப் போதும்."

கொழுந்துக் கறை பிடித்த அத்தனை கைகளும் காரைத் தொட்டன. மாமா சாவியைத் திருகினார். எஞ்சின் உறுமியது. நாங்கள் மலையிறங்கினோம்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. வீடு திரும்பும்போது அண்ணி நடந்துதான் காரில் ஏறினார்.

சில நாள் கழித்து மாமா போத்தலைத் திருப்பிக் கேட்டு வந்தார். எஞ்சினில் ஊற்றிவிடுவாரோ என்று நான் பின்னாலேயே போனேன். அவர் நேரே வீட்டுக்குள் போய், குழந்தையின் சேலைத் தொட்டில் தொங்கிய ஸ்ப்ரிங்கின் கீழே நின்றார். கிரீச் கிரீச் என்று அது அழுதுகொண்டிருந்தது. ஒரு விரலை ஒயிலில் நனைத்து அதில் தடவினார். சத்தம் அடங்கியது. குழந்தை தூங்கியது.

"ராசி சேந்துருச்சு," என்று கிசுகிசுத்துவிட்டு வெளியே போனார்.

கார் எங்கள் வாசலிலேயே நின்றது. சாவியைத் திருகியிருந்தால் உடனே உறுமியிருக்கும். மாமா திருகவில்லை. கதவைத் திறந்து வைத்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, குழந்தை முழித்துவிடாமல் காரை மெல்லத் தள்ளத் தொடங்கினார்.

நானும் ஓடிப்போய்ப் பின்னால் கை வைத்தேன்.