வண்டிக்கு ஏற்றிய குளுக்கோஸ்

காவிரிப் பாலத்தின் நடுவில் மோட்டார் சைக்கிள் மறுபடியும் நின்றது. ஒரே வாரத்தில் இது மூன்றாவது முறை.

ஸ்தனிஸ்லாஸ் இறங்கி, இன்ஜின் பக்கம் விரலைக் கொண்டுபோனார். தொடுவதற்கு முன்பே கையை உதறிக்கொண்டார்.

"நெருப்பா கொதிக்குது அமலா."

பின்சீட்டிலிருந்து இறங்கிய அமலராணி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "பெட்ரோல் இருக்காங்க? பாருங்களேன்."

அவர் டேங்க் மூடியைத் திறந்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். வண்டியை ஆட்டிச் சத்தம் கேட்டார். "பாதிக்கு மேல கிடக்கு. இது சூடுதான், சந்தேகமே இல்லை."

அதற்குள் ஒண்ணாம் நம்பர் பஸ் வந்துவிட்டது. அமலராணி கை காட்டினாள். பாலத்தில் நிறுத்தக் கூடாதுதான். கண்டக்டருக்கு அமலராணி டீச்சரைத் தெரியும், நிறுத்தினார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த, அதே பள்ளிக்கூடத்து ரெங்கம்மாள் டீச்சர், பக்கத்து இடத்திலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் ஸ்ரீரங்கம் நோக்கிப் போய்விட்டது.

ஸ்தனிஸ்லாஸ் பத்து நிமிஷம் காத்திருந்து உதைத்தார். ஒரே உதையில் வண்டி கிளம்பியது. சூடு ஆறினால் ஓடுகிறது; அப்படியானால் சூட்டினால்தான் நிற்கிறது. இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்?

அவர் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், லாரி உதிரிபாகக் கடை ஒன்றில் பத்து வருஷமாக ஸ்டோர் கிளார்க். கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த கையோடு பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, கே.கே. நகர் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, "இனிமே உனக்கு பஸ் நெரிசலே கிடையாது" என்று மனைவியிடம் அறிவித்தார். "எனக்கு பஸ்ஸே பழகிடுச்சுங்க" என்று அவள் ஒரே ஒரு தடவை சொன்னாள். புருஷனுக்குச் சிரமம் வேண்டாமென்று சொல்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். அன்றுமுதல் தினமும் அவளைப் பின்னால் உட்கார வைத்து, ஸ்ரீரங்கம் போய்ச் சேரும்வரை பிஸ்டன், வால்வு, கிளட்ச் என்று விளக்கிக்கொண்டே ஓட்டுவார். காற்றில் அவளுக்குக் கேட்காமல் போய்விடக் கூடாதே என்று, முக்கியமான இடங்களில் முழுசாகத் திரும்பிச் சொல்வார்.

"பாலக்கரையில ஜெகபர் அலின்னு நல்ல மெக்கானிக் இருக்காராமே" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

"ஸ்பேர் பார்ட்ஸ் கூடவே குடித்தனம் நடத்துறவன் நான். மெக்கானிக்கிட்ட போய் நிக்கவா?" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

கடையில் கூட வேலை பார்க்கும் ஹபீபுல்லா மறுநாள் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தார். உள்ளே பச்சைப் பசேலென்று ஒரு திரவம்.

"மச்சான் குவைத்திலேர்ந்து கொண்டாந்தது. கூலண்ட். ரேடியேட்டர் தண்ணியில ரெண்டு மூடி ஊத்தினா, பாலைவனத்துல லாரி சூடேறாம நாள் பூரா ஓடுமாம்."

"மோட்டார் சைக்கிள்ல ரேடியேட்டர் ஏது பாய்? இது காத்துல ஆறுற இன்ஜின்."

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

இருவரும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். எதையாவது ஊற்றக்கூடிய இடம் மொத்தம் மூன்றுதான் இருந்தது: பெட்ரோல் டேங்க், ஆயில், பேட்டரி. பேட்டரியில் கரண்ட் இருக்கிறது, விளையாட வேண்டாம் என்றார் ஹபீபுல்லா. பெட்ரோலில் ஊற்ற ஸ்தனிஸ்லாஸுக்கு மனசு வரவில்லை.

"ஆயில்தானே பாய் இன்ஜினுக்குள்ள சுத்தி வருது? கூலண்டும் கூடவே சுத்தி வரட்டும்."

"இன்ஷா அல்லாஹ்" என்று ஹபீபுல்லாவே ஊற்றினார்.

மறுநாள் வண்டி பாலம்வரை கூடப் போகவில்லை. வெள்ளைப் புகையாகக் கக்கிக்கொண்டு போய், சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வாசலில் நின்றது.

"பெட்ரோல் இருக்காங்க?" என்றாள் அமலராணி. அவர் மூடியைத் திறந்து பார்த்தார். இருந்தது. பஸ் வந்தது, அவள் ஏறிப் போனாள். பத்து நிமிஷத்தில் வண்டி கிளம்பியது. சாயங்காலம் ஆயிலை இறக்கிப் பார்த்தால் பால் தூக்கலாகப் போட்ட டீ மாதிரி வந்தது. இரண்டு தடவை புது ஆயில் ஊற்றிக் கழுவ வேண்டியதாயிற்று.

"உள்ள ஊத்தினதுதான் தப்பு" என்றார் ஹபீபுல்லா, கொஞ்சமும் அசராமல். "வெளியில ஊத்தணும். சொட்டுச் சொட்டா, நிக்காம ஊத்தணும். ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்துறாங்கல்ல, அந்த மாதிரி."

ஸ்தனிஸ்லாஸ் எழுந்தே நின்றுவிட்டார். இது ஏன் தனக்குத் தோன்றவில்லை?

"இன்னொண்ணு. டேங்க்கை வாய் வரைக்கும் ரொப்பிடுங்க. பெட்ரோல் தொட்டா சில்லுன்னுதானே இருக்கு? அந்தக் குளிர்ச்சியும் கீழ இறங்கும்."

வியாழக்கிழமை காலை எல்லாம் தயார். எதிர்வீட்டுக் கம்பவுண்டர் கொடுத்த காலி குளுக்கோஸ் பாட்டிலில் தண்ணீரும் கூலண்டும் கலந்திருந்தது. ரப்பர் குழாயின் நுனியை இன்ஜின் தலையில் கம்பி வைத்துக் கட்டியிருந்தார். டேங்க் தளும்பியது.

"பாட்டிலை எங்க மாட்டுறது?" என்றாள் அமலராணி.

ஸ்தனிஸ்லாஸ் தரையைப் பார்த்தார். "உசரத்துல பிடிச்சாத்தான் இறங்கும்."

அவள் பாட்டிலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அதை வாங்கிக்கொண்டு பின்னால் ஏறினாள். இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்கு வாய்க்கும் என்று நினைத்துக்கொண்டே அவர் வண்டியை உதைத்தார்.

மன்னார்புரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து நின்றார்கள். சைக்கிளில் வந்த ஒருவர் மூச்சிரைக்கக் கூடவே மிதித்து, "அக்கா, எந்த ஆஸ்பத்திரி? நான் முன்னாடி போய்ச் சொல்லவா?" என்று கேட்டார். பச்சைத் தண்ணீர் இன்ஜினில் சொட்டி ஆவியாகப் பறந்தது. பாலக்கரை ரவுண்டானாவில் நின்றிருந்த போலீஸ்காரர் தூரத்திலேயே பாட்டிலைப் பார்த்துவிட்டார். நாலு பக்கமும் வண்டிகளை நிறுத்தி, இவர்களுக்கு மட்டும் வழிவிட்டார்.

அந்த வழியின் நட்டநடுவில் வண்டி நின்றது.

போலீஸ்காரர் ஓடி வந்தார். "பேஷண்ட் எங்கம்மா?"

அமலராணி விரலை நீட்டிக் கீழே இன்ஜினைக் காட்டினாள். நிறுத்தி வைத்திருந்த வண்டிகளில் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸும் ஒன்று. "அமலா, யாருக்கு என்னடி ஆச்சு?" என்று ஜன்னல் வழியாக ரெங்கம்மாள் டீச்சர் கத்தினாள்.

"ஒரு நிமிஷம் பிடிங்க சார்" என்று பாட்டிலைப் போலீஸ்காரர் கையில் கொடுத்துவிட்டு அமலராணி பஸ் ஏறிவிட்டாள். இன்றைக்கு அவள் பெட்ரோலைப் பற்றிக் கேட்கவில்லை.

சிரித்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர், எதிரே பட்டறை வைத்திருந்த ஜெகபர் அலி. வண்டியை ஓரமாகத் தள்ளி, முதல் காரியமாக டேங்க் மூடியைத் திறந்தார். புஸ்ஸென்று ஒரு சத்தம். மூடியைத் திருப்பிப் பார்த்து, ஒரு குண்டூசியால் எதையோ சுரண்டி எடுத்தார்.

"சோப்பு சார். மூடியில காத்துப் போக ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதை அடைச்சு வச்சா காத்து உள்ள போகாது, பெட்ரோல் கீழ இறங்காது. நீங்க மூடியைத் திறந்து பார்த்தீங்கன்னா காத்து ஏறிக்கும், மறுபடி ஓடும். டேங்க்ல பெட்ரோல் நிறைஞ்சிருந்தா இன்னும் சீக்கிரமே நிக்கும்."

"அப்ப சூடு?"

"ஓடுற இன்ஜின் சூடாத்தான் சார் இருக்கும்."

ஸ்தனிஸ்லாஸ் மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சோப்பு எப்படி அங்க போச்சு?"

"பெட்ரோல் ஆவியாப் போகுதேன்னு யாராவது நல்லது நினைச்சு வச்சிருப்பாங்க" என்றார் ஜெகபர் அலி.

போலீஸ்காரரிடமிருந்து பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஸ்தனிஸ்லாஸ் கிளம்பினார். வண்டி எங்கேயும் நிற்கவில்லை. பாலத்தைத் தாண்டியது, திருவானைக்கோயிலைத் தாண்டியது. ஸ்ரீரங்கம்வரை போய்த் திரும்பி, ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கடைக்கு வந்து சேர்ந்தார்.

சாயங்காலம் அமலராணியை அழைத்துப்போக அவரே பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டார். பெல் இன்னும் அடிக்கவில்லை. கேட் பக்கத்தில் அட்டெண்டர் அடைக்கலம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் ஸ்தனிஸ்லாஸுக்கு வெடித்துவிடும் போலிருந்தது. மூடி, ஓட்டை, சோப்பு, காற்று எல்லாவற்றையும் வண்டியைத் தட்டிக் காட்டி விவரித்தார்.

"இனிமே உங்க டீச்சருக்கு பஸ்ஸே தேவையில்லை, தெரியுமா?"

அடைக்கலம் ஆச்சரியத்தில் ஸ்டூலை விட்டு எழுந்தார்.

"அட, இதையேதான் சார் டீச்சர் போன வாரம் எட்டாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு ஒரு தகர டப்பால செஞ்சு காட்டினாங்க! மூடியில இருந்த ஓட்டையைச் சோப்பு வச்சு அடைச்சாங்க, அடியில ஒழுகிட்டிருந்த தண்ணி டக்குன்னு நின்னு போச்சு. 'நெசமாவே நிக்குமா டீச்சர்?'னு நான் முதல்லயே கேட்டேன். 'வீட்டுல ஏற்கெனவே செஞ்சு பார்த்துட்டேன் அடைக்கலம், கண்டிப்பா நிக்கும்'னாங்க."