போடிக்குக் கடல் கொண்டுவந்த கதை

தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும் என்பதை நான் என் இருபத்திரண்டாவது வயதில் கற்றுக்கொண்டேன். அதற்கு முன்பே விலங்கியலில் முதல் வகுப்பில் தேறியிருந்தேன் என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். மதுரையில் கல்லூரியை முடித்துவிட்டுப் போடிநாயக்கனூர் வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். அப்பாவுக்குப் போடிமெட்டுக்கு மேலே கொஞ்சம் ஏலத்தோட்டம் இருந்தது. வாரத்தில் நாலு நாள் ஜீப்பில் மேலே போவார். மற்ற நாள் மதியங்களில் கூடத்துச் சாய்வு நாற்காலியில் தூங்குவார். அம்மா எனக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தாள். நான் மட்டும்தான் சும்மா இருந்தேன். சும்மா இருந்தபோது, கல்லூரிச் சுற்றுலாவில் மண்டபத்தில் பார்த்த நீல நிறக் கடல் மீன்கள் ஞாபகத்துக்கு வந்தன. வீட்டில் வளர்த்தால் என்ன? (குளத்து மீன் வளர்த்திருக்கலாம். ஆனால் அதை எல்லாரும்தானே வளர்க்கிறார்கள்.)

மலையடிவாரத்தில் கடல்தண்ணீருக்கு எங்கே போவது? தூத்துக்குடியிலிருந்து எங்கள் தெருமுனைக் கடைக்கு உப்பு லோடு கொண்டுவரும் லாரிக்காரர் முத்தையா அண்ணனைப் பிடித்தேன். பத்து கேன் கடல்தண்ணீர் வேண்டும் என்றதும் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தாயி, உப்பத்தான் மூடை மூடையா கொண்டாந்து எறக்குறேனே. அதுல தண்ணிய ஊத்திக் கலக்குனா ஆகாதா?"

ஆகாது என்று அவருக்குக் கால் மணி நேரம் பாடம் எடுத்தேன். பாவம், கேட்டுக்கொண்டார். அடுத்த லோடில் தண்ணீர் வந்துவிட்டது.

கடல் மீனுக்குத் தொட்டி மட்டும் போதாது, அழுக்கை இடைவிடாமல் வடிகட்ட வேண்டும். அதற்கு நானே ஒரு ஏற்பாட்டை வரைந்தேன். கூடத்து மேசைமேல் கண்ணாடித் தொட்டி. மேசைக்கு அடியில் சிமெண்டுத் தொட்டி. அந்தக் கீழ்த்தொட்டிக்கு 'சம்ப்' என்று பெயர். மேல்தொட்டியின் விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு துளை. அதில் வழிகிற தண்ணீர் சம்ப்புக்கு இறங்கி, கரி, ஆற்றுமணல், தேங்காய்நார் எல்லாவற்றையும் கடந்து சுத்தமாகும். அங்கே முங்கிக் கிடக்கும் சின்ன மோட்டார் அதை ரப்பர் குழாய் வழியாக மறுபடி மேலே ஏற்றும். மணல் நழுவாமலிருக்க, ஏலக்காய் தரம் பிரிக்கிற சல்லடை ஒன்றையும் அப்பாவுக்குத் தெரியாமல் எடுத்து உள்ளே வைத்தேன். சம்ப்பு நிறையத் தண்ணீர் இருந்தால் இன்னும் நன்றாக வடியும் என்று கழுத்துவரை நிரப்பினேன். படத்தை நாலு வண்ணப் பென்சிலில் தீட்டிச் சுவரில் ஒட்டினேன். ஊரே வந்து பார்த்தது. (ஊர் என்றால் பக்கத்து வீட்டு இரண்டு அத்தைகள்.)

மண்டபத்துக் கல்லூரித் தோழி மதுரைக்குக் கொண்டுவந்து கொடுத்த மூன்று நீல மீன்களைப் பாலிதீன் பையில் வைத்து, மதுரையிலிருந்து ரயிலில் மடியிலேயே கொண்டுவந்து சேர்த்தேன். முதலில் முறைத்த அப்பா, ஒரே வாரத்தில் மலையிலிருந்து இறங்கியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் நிற்க ஆரம்பித்தார். "நம்ம ஆளுக சாப்டாகளா?" என்று மீனைத்தான் விசாரிப்பார். என்னை அல்ல.

அவருக்கு இருந்தது ஒரே குறை, குழாயிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம்.

"தாயி, கண்ண மூடுனா யாரோ ஒண்ணுக்குப் போற மாதிரியே கேக்குது. எனக்கும் போகணும்போல வருது."

இதெல்லாம் ஒரு பிரச்சினையா? குழாயின் நுனியைத் தொட்டியின் அடிவரைக்கும் இறக்கிவிட்டேன். சத்தம் நின்றது. அப்பா தூங்கினார். நான் பெரிய விஞ்ஞானியாகிவிட்டேன்.

அந்த மழைக்காலத்தில் சரக்கு அறை ஒழுகியதால், ஏலத்துக்குப் போகவேண்டிய ஆறு மூட்டை ஏலக்காயை அப்பா கூடத்தில் இறக்கி வைத்தார். அந்த வருஷத்து நல்ல காய் முழுக்க அதில்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்து ஏலம்.

மறுநாள் அம்மாவும் நானும் மேட்னி பார்க்கப் போனோம். கதாநாயகி அழத் தொடங்குகிற நேரத்தில் கரண்டு போனது. தியேட்டர் முழுக்க விசில். இருட்டில் அம்மா மெதுவாகக் கேட்டாள்:

"ஏண்டி, கரண்டு போச்சுன்னா ஒன் மீனுக்கு மூச்சு முட்டாதா?"

"கொஞ்ச நேரம் தாங்கும்மா. மோட்டார் நின்னா தண்ணி ஏறாது, அம்புட்டுத்தான். ஏறாத தண்ணி…"

ஏறாத தண்ணீர் இறங்கும். குழாயின் நுனி தொட்டியின் அடியில் இருக்கிறது. மேலே உள்ள அத்தனை தண்ணீரும் அதே குழாய் வழியாகக் கீழே வரும். கீழேயோ கழுத்துவரை நிரம்பிய சம்ப்பு. அதைத் தாண்டினால் ஆறு மூட்டை. நாலு வண்ணப் படத்தில் இல்லாத விஷயம் தியேட்டர் இருட்டில் பளிச்சென்று தெரிந்தது.

அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். "வெரசா வாம்மா" என்பதைத் தவிர வேறு விளக்கம் சொல்லவில்லை. வழியில் பார்த்தவர்கள் வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று கூடவே ஓடிவந்தார்கள்.

கூடத்தில் கணுக்கால் அளவுக்குக் கடல். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தரைத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு மொண்டு மேல்தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார். நாலு விரல் தண்ணீரில் மூன்று மீன்களும் சாய்ந்து துடித்துக்கொண்டிருந்தன. அவர் ஊற்ற ஊற்ற அது குழாய் வழியே இறங்கி மறுபடி மூட்டைகளுக்கே போனது. மூச்சு வாங்கச் சொன்னார்:

"அரை மணி நேரமா ஊத்துறேன் தாயி. நெறையவே மாட்டேங்குது."

நான் போய்க் குழாயை வெளியே உருவிப் போட்டேன். எல்லாம் நின்றது.

அப்பா குழாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இம்புட்டுத்தானா?" என்றார்.

அப்புறம்தான் மூட்டைகளைப் பார்த்தார். நாலைக் காப்பாற்றிவிட்டோம். கடைசி வரிசையில் இருந்த இரண்டும் ஊறிப்போயிருந்தன. பச்சை மணியாக இருந்த காய் உப்பி வெளுத்துக் கிடந்தது. நான் அழுதேன். அவர் திட்டியிருந்தால் அழுகை சீக்கிரம் நின்றிருக்கும், திட்டவில்லை. "மீன் பொழைச்சிருச்சுல்ல, விடு" என்று சொல்லிவிட்டு ஈரச் சாக்கை அவிழ்க்க உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பொழுது சாய்கிறவரை இருவரும் காயை உலர்த்தினோம்.

அந்தக் காயையும் தனியாக ஒரு பையில் ஏலத்துக்குக் கொண்டுபோனார். வியாபாரி ஒருவர் ஒன்றை வாயில் போட்டுக் கடித்துவிட்டு, "என்னண்ணே, உப்புக் கரிக்குது. எந்த எஸ்டேட்டுக் காய்?" என்று கேட்டாராம். "கடற்கரை எஸ்டேட்டு. எம் மகளுது" என்றாராம் அப்பா, முகம் மாறாமல்.

மீன்கள் அடுத்த உப்பு லாரியில் முத்தையா அண்ணனோடு ஊர் திரும்பின. விற்காத ஏலக்காய் மட்டும் எங்களோடு தங்கிவிட்டது. வருஷக்கணக்கில் எங்கள் வீட்டுப் பாயசத்திலும் டீயிலும் அதுதான்.

என்னைப் பெண் பார்க்கத் தஞ்சாவூரிலிருந்து வந்தவர்களுக்கும் அம்மா பதற்றத்தில் அதைத் தட்டிப் போட்ட டீயைத்தான் கொடுத்தாள். ஒருவரும் வாய் திறக்காமல் குடித்து முடித்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகுதான் என் கணவர் சொன்னார், போடிப் பக்கத்தில் டீக்கு உப்புப் போடுவது வழக்கம்போல என்று அவர்கள் காரிலேயே பேசி முடிவு செய்துவிட்டார்களாம்.

உண்மையை எத்தனையோ தடவை விளக்கிவிட்டேன். படம் வரைந்துகூடக் காட்டினேன். பிரயோசனமில்லை. இன்றைக்கும் தஞ்சாவூரில் எனக்கு டீ வந்தால், பின்னாலேயே என் நாத்தனார் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து வைக்கிறார்.

"கூச்சப்படாம போட்டுக்குங்க அண்ணி."