குணசீலத்தில் இறக்கிவிட்ட எடை

ஸ்ரீரங்கம்,
21-6-1983

மரியாதைக்குரிய மாமா ஸ்தனிஸ்லாஸ் அவர்களுக்கு, மருமகன் இன்னாசிராஜ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம். தொட்டியத்தில் நீங்கள், அத்தை, லூர்து மூவரும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். கடிதம் என்றால் இவ்வளவும் எழுதியாக வேண்டுமாம், எழுதிவிட்டேன். இனி விஷயம்.

உங்கள் கார்டு கிடைத்தது. ஐந்து வரி. நாலு வரி அம்பாசிடரைப் பற்றி: வண்டி இன்னும் இடப்பக்கம் இழுக்கிறது, இடது டயர் வழுக்கையாகிக்கொண்டு வருகிறது, என்ன செய்யலாம் என்று. ஐந்தாவது வரி என் பெண்டாட்டியைப் பற்றி: 'லூர்து சுகம்.' கார்டைத் திருப்பிப் பார்த்தேன். அந்தப் பக்கம் என் விலாசம்தான் இருந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் வைத்த அலைன்மென்டில் தப்பே இல்லை. இது பின் சக்கரம் தள்ளி ஓடுகிற வண்டி. பின்னாலிருந்து தள்ளும்போது முன் சக்கரம் இரண்டும் வெளிப்பக்கம் விரியப் பார்க்கும், அதனால் நிற்கும்போதே இரண்டின் மூக்கையும் ஒரு நூலளவு உள்பக்கம் திருப்பி வைக்கிறோம், ஓட ஆரம்பித்ததும் நேராகிவிடும். இதற்கு டோ-இன் என்று பெயர். மூணு வருஷம் ஆட்டோமொபைல் டிப்ளமா படித்தவன் நான், பாலக்கரை ஷெட்டில் உங்கள் வண்டியை அரை நாள் போட்டு அளந்தே வைத்தேன். மறுநாள் தொட்டியம் போகிற வழியில் குணசீலத்தில் நடந்ததற்கு நான் என்ன செய்வேன்? நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள், ஆனாலும் அத்தை வாயிலாக அது வேறு மாதிரி ஊருக்குள் பரவியிருப்பதாகக் கேள்வி, அதனால் நடந்தபடி எழுதுகிறேன். நீங்கள் ஓட்டினீர்கள். உங்களுக்கு இடப்பக்கம் அத்தை. பின்னால், உங்கள் முதுகுக்கு நேரே லூர்து, அத்தைக்குப் பின்னால் மடியில் பலாப்பழத்தோடு நான். அந்த ரோட்டில் இடப்பக்கம் காவிரி. "என்ன மாப்ளே, நேரா வெச்சிட்டேன்னீங்க, வண்டி ஆத்துக்குக் குளிக்கப் போகுதே?"ன்னு நீங்கதான் கேட்டீங்க. அதுவும் சிரிச்சுக்கிட்டே. எனக்குச் சுருக்குன்னு ஏறிடுச்சு. "வண்டி மேல தப்பில்ல மாமா, அத்தை உக்காந்த பக்கம் அமுங்குது, கொஞ்சம் இறங்கச் சொல்லுங்க, காட்டறேன்"னேன். பாரம் ஏறினா ஸ்பிரிங் அமுங்கும், சக்கரத்தோட சாய்வு மாறும், இது பௌதிகம், இதுல மரியாதைக் குறைச்சல் எங்க வந்துச்சு? அத்தை இறங்கினாங்க. நானும் கீழே நின்னு சக்கரத்தைப் பாக்கலாம்னு இறங்கினேன். நீங்க லூர்தோட அரை பர்லாங் ஓட்டினீங்க, வண்டி நூல் பிடிச்ச மாதிரி போச்சு. அந்த சந்தோஷத்துல, "பாருங்க அத்தை, நீங்க இல்லாம எவ்ளோ நேரா போகுது!"ன்னு கத்திட்டேன். கோயிலுக்கு வந்த ஒரு பஸ் ஜனம் அங்கே நின்னுக்கிட்டிருந்தது என் தப்பா? முசிறி பஸ் வந்துச்சு, அத்தை கையைக் காட்டினாங்க, ஏறினாங்க. நீங்க திரும்பி வந்து நிறுத்தினதும் லூர்து கதவைத் திறந்து இறங்கி, என்னைப் பார்த்து, "உங்களுக்கு இப்ப நேராயிடுச்சா?"ன்னு கேட்டுட்டு அதே பஸ்ல ஏறிடுச்சு.

அதோடு இன்று முப்பத்தேழு நாள்.

நான் சௌகரியமாகவே இருக்கிறேன். எதிர்த்துப் பேச ஆள் இல்லாததால் வீட்டில் எல்லா வாதத்திலும் நானே ஜெயிக்கிறேன். சோறு லூர்து போடுகிற அளவுக்கே போட்டு வடித்துவிட்டு மிச்சத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஒருத்தனுக்கு எவ்வளவு அரிசி என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. பக்கத்து வீட்டு மாமி தினமும் மாடியைப் பார்த்து, "ஏம்ப்பா, ஆத்துக்காரி இன்னும் வரலியோ?" என்கிறார். வண்டி ரிப்பேர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கயிற்றுக் கட்டில் என் பக்கம் மட்டும் தொய்ந்துபோயிருக்கிறது. அளந்து பார்த்தேன், முக்கால் அங்குலம்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். உங்கள் ஊர் மெக்கானிக் காத்தமுத்துவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். வண்டியை மட்டமான தரையில் நிறுத்தி, காற்றை இரண்டு பக்கமும் ஒரே அளவாக்கி, முன் சக்கரங்களைத் திருப்பும் டை ராடின் லாக் நட்டுகளை இளக்கி, இரண்டு பக்கமும் சமமாகக் கால் சுற்று திருப்பினால் போதும். ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் ஸ்டீயரிங் கோணிக்கொள்ளும். சுத்தியலைத் தொடக் கூடாது. இதற்காக நீங்கள் இவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்லை.

அத்தைக்கு என் வணக்கம், நின்றுகொண்டே சொன்னதாகச் சொல்லவும். லூர்துக்கு, அவள் மல்லிச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொல்லவும். உங்கள் எல்லோருக்கும் ஆண்டவர் துணை.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
இன்னாசிராஜ்

பின்குறிப்பு: காத்தமுத்துவிடம் காட்ட வேண்டாம். வண்டியை யாரும் தொட வேண்டாம். அலைன்மென்ட் தப்புதான். சீட்டில் பாரம் வைத்து அளக்கச் சொல்லிப் புத்தகத்தில் போட்டிருக்கிறது, ஷெட்டில் மணல் மூட்டையும் இருந்தது, பொறுமை இல்லாமல் காலி வண்டியில் அளந்தேன். இன்னொன்று. குணசீலத்தில் அத்தை இறங்கியபோது நானும்தான் இறங்கினேன். இடப்பக்கம் இறங்கிய எடை இரண்டு ஆள், நான் அத்தையை மட்டும் சொன்னேன். அப்புறம் என்னை ஏற்றிக்கொண்டு தொட்டியம் வரை, அத்தை இல்லாமலே இடப்பக்கம் இழுத்த வண்டியை, நீங்கள் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் பிடித்துக்கொண்டேதான் ஓட்டினீர்கள். பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் வண்டியை இங்கே கொண்டு வாருங்கள். அன்றைக்கு உட்கார்ந்த இடத்திலேயே எல்லோரும் உட்கார்ந்திருக்க வேண்டும். அத்தையை இறங்கச் சொல்ல மாட்டேன், நான்தான் தரையில் படுத்து அளப்பேன். என் இடத்தில் வாழைத்தார் ஏற்றிக்கொள்ளுங்கள், என் எடை அறுபத்தெட்டு கிலோ. லூர்து இடத்தில் மட்டும் எதையும் வைத்துக்கொண்டு வராதீங்க மாமா. அளவு சரியா வராது.